பாட்டுப் பெட்டியின் அட்டையில் இருக்கும் எண்கள்: ஓடுகிறவர்களுக்கும் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கும்

போன மழைக்காலத்தில் என் சித்தப்பா ஒரு சின்ன எம்பி3 பிளேயரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, முதுகில் ஒரு கிளிப். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் காலையிலிருந்து இருட்டும்வரை நிற்கிற மனிதர் அவர். சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுப்பது, மட்டை பொறுக்கிக் குவிப்பது எல்லாமே பாட்டோடுதான் நடக்கும். "வாட்டர் ப்ரூஃப்னு போட்டிருக்குதேன்னு வாங்குனேன் கண்ணு. மூணு மாசங்கூடத் தாங்கல. மழையில ஒரு நாளும் நனைய விடல" என்றார்.

சார்ஜ் போடும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். செப்புக் குடத்தில் களிம்பு ஏறுமே, அதே பச்சை. தினமும் இடுப்பில் மாட்டியிருந்தபோது உள்ளே இறங்கிய வியர்வை செய்த வேலை அது.

உடற்பயிற்சிக்கோ வெளிவேலைக்கோ பாட்டுப் பெட்டி வாங்கும் பலர் இரண்டே கேள்வி கேட்கிறார்கள்: எத்தனை ஜிபி, வாட்டர் ப்ரூஃபா? கடைக்காரரும் இரண்டுக்கும் தலையாட்டிவிடுவார். அட்டையில் அச்சிட்ட எண்கள் பொய் சொல்வதில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவை சோதனைக்கூடத்து மேசையில் எடுத்த எண்கள். நம் உடம்பில், நம் வேலையில் அவற்றுக்கு என்ன பொருள் என்பதை நாம்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை.

போன் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. மாலையில் அரை மணி நேரம் பூங்காவைச் சுற்றி நடக்கிறவருக்குப் போனே போதும், பணம் செலவழிக்க வேண்டாம். ஓடுகிறவருக்கும் கையில் மண்ணோடு வேலை செய்கிறவருக்கும்தான் போன் தொந்தரவாகிறது.

எடை முதல் காரணம். இன்றைய போன் உறையோடு சேர்த்து 200 கிராமுக்கு மேல். கிளிப் வைத்த சின்ன பிளேயர்கள் பெரும்பாலும் 20, 30 கிராமுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு எட்டுக்கும் பையில் தொப்பு தொப்பென்று இடிக்கிற பொருளுக்கும், மாட்டியிருப்பதே தெரியாத பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது கிலோமீட்டரில் தெரியும்.

இரண்டாவது காரணம் தொடுதிரை. போனின் கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் ஒன்று பரவியிருக்கிறது. விரல் நம் உடம்பின் ஈரத்தால் மின்சாரத்தைக் கடத்துவது; அது தொட்ட இடத்தில் மின்புலம் கலைகிறது. திரை அந்தக் கலைவைத்தான் 'தொடல்' என்று புரிந்துகொள்கிறது. வியர்வைத் துளியும் அதே மாதிரி கலைக்கும். அதனால்தான் நனைந்த திரையில் நாம் ஒன்றை அழுத்த வேறொன்று திறக்கிறது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பல திரைகளுக்கு விரல் இருப்பதே தெரியாது. உள்ளே அழுந்தி 'டிக்' என்று திரும்பும் நிஜப் பொத்தானுக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை.

குலுங்கினால் பாட்டு ஏன் நிற்பதில்லை

1979 ஜூலை 1-ல் ஜப்பானில் சோனியின் முதல் வாக்மேன் விற்பனைக்கு வந்தபோது உள்ளே நாடா சுற்றியது. பின்னால் வந்த கையடக்க சிடி பிளேயரில் தட்டு சுற்றியது. குலுக்கினால் பாட்டு தாவிக் குதிக்கும். 2001-ல் வந்த முதல் ஐபாடில்கூட 5 ஜிபி வட்டு ஒன்று சுழன்றுகொண்டுதான் இருந்தது. இப்போதைய சின்ன பிளேயர்களில் சுற்றுகிற பொருளே கிடையாது. பாட்டு இருப்பது பிளாஷ் நினைவகத்தில், அதாவது மின்னூட்டத்தை நுண்ணிய அறைகளில் அடைத்துவைத்து, மின்சாரம் நின்ற பிறகும் தகவலை மறக்காத சில்லில். மூடி போட்டு இறுக்கிய பல்லாங்குழி என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழியில் முத்து இருக்கிறது, எது காலி என்பதுதான் தகவல். அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் குழி மாறி முத்து விழாது.

ஆகவே 'ஷாக் ப்ரூஃப்' என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தால் அதற்கென்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஓட்டத்தின் குலுக்கலை எந்த பிளாஷ் பிளேயரும் தாங்கும். கல்லில் விழுந்து உடைவது வேறு விஷயம், அது உறையைப் பொறுத்தது.

மழைக்கு ஒழுகாத வீடு வெள்ளத்துக்குத் தாங்குமா?

சித்தப்பாவின் பெட்டிக்கு வருவோம். ஓட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடு ஒழுங்காக வேய்ந்திருந்தால் அடைமழையிலும் உள்ளே ஒரு சொட்டு விழாது. அதே வீட்டு வாசலுக்கு வெள்ளம் இடுப்பளவு வந்தால் கதவிடுக்கு வழியாகவே தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். கூரையில் குறை எதுவும் இல்லை. மேலிருந்து விழும் தண்ணீருக்கு என்று போட்ட கூரை, பக்கத்திலிருந்து அழுத்தி வரும் தண்ணீருக்கு என்ன செய்யும்?

'வாட்டர் ப்ரூஃப்' என்ற ஒற்றைச் சொல் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஐபி எண். ஒரு மின்கருவியின் உறை தூசியையும் தண்ணீரையும் எந்த அளவுக்கு வெளியே நிறுத்துகிறது என்பதைச் சொல்லும் சர்வதேசக் குறியீடு அது. ஐபி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இரண்டு இடம். முதல் இடம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி68 என்றால் தூசிக்கு 6, தண்ணீருக்கு 8. ஓர் இடத்தில் எக்ஸ் என்று இருந்தால் அந்தச் சோதனைக்கு எண் கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஐபிஎக்ஸ்7 என்பது தூசியைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. களத்துமேட்டிலும் செம்மண் தோப்பிலும் வேலை செய்கிறவர் முதல் இடத்தில் 5 அல்லது 6 இருக்கிறதா என்று தேட வேண்டும். 6 என்றால் தூசியே உள்ளே போகாது. 5 என்றால் கொஞ்சம் போகலாம், ஆனால் கருவியின் வேலையைக் கெடுக்கும் அளவுக்குப் போகாது.

தண்ணீர் எண்ணில் நமக்கு வேண்டியவை நான்கு. 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வேகத்தில் பீய்ச்சினாலும் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது. 8 என்றால் அதைவிடக் கடினமான மூழ்கல். எத்தனை ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே எழுதித் தர வேண்டும். எழுதாமல் வெறும் 8 என்று மட்டும் போட்டிருந்தால் நான் அதை வாங்கமாட்டேன்.

பலரும் இடறுகிற இடம் ஒன்று உண்டு. 7 பெரிய எண், ஆகவே 5-க்குரிய சோதனையையும் அது தாண்டியிருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 6 வரை உள்ளவை தெறிப்பும் பீய்ச்சலும், ஒன்றைவிட ஒன்று கடுமையானவை. 7-ம் 8-ம் மூழ்குவது பற்றியவை, தனிப் பரீட்சை. அசையாத தண்ணீரில் அமிழ்ந்து கிடந்து தேறிய கருவி, குழாயின் வேகத்துக்குத் தேறும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இரண்டிலும் தேறியதற்கு ஐபிஎக்ஸ்5/8 என்பது போல இரண்டு எண்ணும் போட்டிருப்பார்கள். வேலை முடிந்து மோட்டார்க் குழாயில் கைகால் கழுவும்போது பிளேயரையும் அதே பீய்ச்சலில் காட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது வியர்வை. மேலே சொன்ன எல்லாச் சோதனையும் சாதாரண நல்ல தண்ணீரில், புதுக் கருவியின் மேல் நடக்கிறது. வியர்வை உப்புத் தண்ணீர். சோப்பு, தலைக்குத் தேய்த்த எண்ணெய், நீச்சல் குளத்துக் குளோரின் எதுவும் அந்த எண்ணில் அடங்கவில்லை. சார்ஜ் துளையில் இருக்கும் உலோக முனைகளுக்கு நடுவே உப்புநீர் தங்கி, அந்த ஈரத்தோடு சார்ஜில் போட்டால் முனைக்கு முனை அந்த உப்புநீர் வழியாகவே மின்சாரம் ஓடும். ஓடும்போது உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் களிம்பாக மாற்றும். மழைத்தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அது இவ்வளவு கடத்தாது. தினமும் வேலை முடிந்து வந்ததும் வியர்வையோடு சார்ஜில் குத்தியதுதான் சித்தப்பாவின் பெட்டிக்கு எமனானது. அட்டையில் இருந்தது ஐபிஎக்ஸ்4. தெறிப்புக்கு அது தாங்கியே இருக்கும். யாரும் வியர்வையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அதில் எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

இதற்கு வைத்தியம் ஒரு துணி. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றி, காற்றாடப் போட்டுவிட வேண்டும். துளை காய்ந்த பிறகே சார்ஜ். துளைக்கு ரப்பர் மூடி இருந்தால் அது இறுக்கமாக உட்காருகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வெயிலில் ரப்பர் வெடிக்கும்.

இதுவரை வந்ததைக் கோத்துக்கொள்வோம். சொல்லைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்க வேண்டும். நடை, ஓட்டம், தோட்டவேலைக்கு 4 என்பது குறைந்தபட்சம், 5 இருந்தால் நிம்மதி. நீந்துவதற்கு 8-ம், அதன் ஆழமும். எந்த எண்ணாக இருந்தாலும் உப்பைத் துடைப்பது நம் வேலை.

ப்ளூடூத் ஏன் மைதானத்தில் விட்டுவிட்டுக் கேட்கிறது

வீட்டுக்குள் ஒரு குறையும் இல்லாமல் பாடுகிற ப்ளூடூத் இயர்போன், மைதானத்தில் ஓடும்போது மட்டும் விட்டுவிட்டுப் பாடும். இயர்போன் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டு வருவார்கள், புதியதும் அப்படியே செய்யும்.

ப்ளூடூத் என்பது சிறு தூரத்துக்குள் இரண்டு கருவிகள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் ரேடியோ முறை. அது பயன்படுத்தும் அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் சாப்பாட்டைச் சூடாக்குகிறது, காரணம் அந்த அலைகளைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். இடது பின்பையில் பிளேயர், வலது காதில் இயர்போன் என்றால் நடுவில் ஒரு தண்ணீர்ச் சுவரே நிற்கிறது. (ப்ளூடூத்தின் வலிமை மிக மிகக் குறைவு, அது நம்மைச் சூடாக்காது. அந்தப் பயம் வேண்டாம்.)

அப்படியென்றால் வீட்டுக்குள் எப்படிக் கேட்கிறது? மண்டபத்தில் நமக்கு முதுகு காட்டிப் பேசுகிறவர் குரலும் சுவரில் மோதித் திரும்பி நம்மிடம் வந்துவிடும். வெட்ட வெளியில் முதுகு காட்டிப் பேசினால் பாதி காற்றோடு போகும். ரேடியோ அலையும் அப்படியே. அறைக்குள் சுவர், கூரை, தரை என்று மோதி, உடம்பைச் சுற்றிக்கொண்டு காதுக்கு வந்து சேர்கிறது. மைதானத்தில் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. தென்னந்தோப்பும் கிட்டத்தட்ட மைதானம்தான்.

பிளேயரை இடுப்புக்கு மேலே, சட்டைக் காலரிலோ மேல்கையிலோ, காதுக்கு நேரே பார்க்கும்படி மாட்டினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை நின்றுவிடும். இரண்டு இயர்போனில் எது பிளேயரோடு நேரடியாகப் பேசுகிறதோ அந்தப் பக்கம் மாட்டுவது இன்னும் நல்லது. பக்கத்தை மாற்றி மாட்டி ஒரு சுற்று ஓடினால் எது என்று தெரிந்துவிடும்.

நீந்துகிறவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. தண்ணீருக்குள் ப்ளூடூத் சில சென்டிமீட்டரைத் தாண்டாது. போனைக் கரையில் வைத்துவிட்டுக் குளத்தில் பாட்டுக் கேட்கலாம் என்று நினைப்பது நடக்காத காரியம். பாட்டு காதிலேயே இருக்க வேண்டும். ஷாக்ஸ் ஓப்பன்ஸ்விம், சோனியின் டபிள்யூஎஸ்413 போன்றவை அதற்காகவே செய்யப்பட்டவை, இயர்போனுக்குள்ளேயே 4 ஜிபி நினைவகம். கிணற்றில் மேலிருந்து குதித்து நீந்துகிறவர்கள் மட்டும் இவற்றையும் கழற்றி வைத்துவிட்டுக் குதியுங்கள். ஆழ எண் அசையாத தண்ணீருக்குச் சொன்னது; இருபதடி உயரத்திலிருந்து விழும் அடிக்குச் சொன்னதில்லை.

கம்பி இயர்போனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, விலையும் குறைவு. இன்னொரு ஆதாயமும் உண்டு. பிளேயரில் இருக்கும் எஃப்எம் ரேடியோவுக்கு அந்தக் கம்பிதான் ஏரியல். கம்பியைச் செருகாமல் எஃப்எம் திறந்தால் பெரும்பாலான பெட்டிகளில் இரைச்சல்தான் வரும். போன் சிக்னல் எட்டாத தோப்பில் கோவை வானொலி கேட்க ஆசைப்படுகிறவர் கம்பிக்கான துளை உள்ள பெட்டியைத்தான் வாங்க வேண்டும். கம்பியைச் சட்டைக்குள் விட்டுக் கழுத்து வழியே எடுத்துக்கொண்டால் முள்ளிலும் மட்டையிலும் மாட்டாது. மரம் ஏறுகிறவருக்கும் சுழலும் இயந்திரத்தின் அருகில் நிற்கிறவருக்கும் கம்பி கூடவே கூடாது.

எத்தனை ஜிபி வேண்டும்?

நாம் பயப்படுகிற அளவுக்கு வேண்டியதில்லை. கணக்கைப் பார்த்துவிடலாம்.

சிடியில் பாட்டு நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதிகிறது. ஓர் அளவுக்கு 16 பிட், இடது வலது என்று இரண்டு பக்கம். பிட் என்பது பூஜ்யமோ ஒன்றோ, பல்லாங்குழியில் ஒரு குழி. பெருக்கினால் நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட் வரும். ஒரு நொடிப் பாட்டுக்கு இத்தனை பிட் செலவாகிறது என்கிற அந்த எண்ணுக்குத்தான் பிட்ரேட் என்று பெயர். 4 நிமிடப் பாட்டுக்கு இது சுமார் 42 எம்பி.

ஜெர்மனியின் பிராவுன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைச் சுருக்க வழி தேடியபோது பிடித்துக்கொண்டது மனிதக் காதின் ஒரு குணத்தை. கோயிலில் சாமி புறப்பாட்டின்போது தவிலில் ஓங்கி ஓர் அடி விழும் கணத்தில், பக்கத்தில் நிற்பவர் முணுமுணுத்தது நமக்குக் கேட்காது. சத்தம் காதுக்கு வராமலில்லை. பெரிய ஒலி அதன் அருகிலுள்ள சிறிய ஒலியை மறைத்துவிடுகிறது. எப்படியும் கேட்காது என்றால் அதை எதற்குச் சேமிக்க வேண்டும்? அப்படி மறையும் ஒலிகளுக்கு பிட் செலவழிக்காமல் பாட்டைச் சுருக்கும் முறைதான் எம்பி3. 1995-ல் அந்தக் கோப்புகளுக்கு அந்தப் பெயர் நிலைத்தது.

128 கிலோபிட் எம்பி3-ல் அதே 4 நிமிடப் பாட்டு 4 எம்பிக்கும் குறைவு. 320 கிலோபிட்டில் சுமார் 9.6 எம்பி. 8 ஜிபி பெட்டியில் 128 என்றால் ஏறக்குறைய 2,000 பாட்டு, 320 என்றால் 800 பாட்டு. ஒரு நாள் முழுக்க 8 மணி நேரம் கேட்டாலும் ஓடுவது 120 பாட்டு. 8 ஜிபி என்பது எங்கள் சித்தப்பாவுக்கு இரண்டு வாரத்துக்குத் திரும்ப வராத பாட்டு. காற்றும் மூச்சிரைப்பும் மோட்டார்ச் சத்தமும் நடுவே 128-க்கும் 320-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அமைதியான அறையில் நல்ல ஹெட்போனில் வித்தியாசம் கேட்கலாம். ஓட்டத்தில் 'ஹை-ரெஸ்', அதாவது சிடியைவிடத் துல்லியமான ஒலி என்கிற முத்திரைக்குப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 128-ல் இருக்கும் பாட்டை மென்பொருளில் போட்டு 320 ஆக மாற்றினால் தரம் கூடாது, கோப்புதான் பெருக்கும். சோறு வடித்துக் கஞ்சியைக் கொட்டிய பிறகு பானையில் தண்ணீர் ஊற்றினால் கஞ்சி திரும்பி வருமா?

'டவுன்லோட்' செய்த பாட்டு பிளேயரில் ஏன் ஓடவில்லை

மாதச் சந்தா கட்டும் ஆப்பில் 'டவுன்லோட்' அழுத்தினால் பாட்டு நம் போனுக்கு வருவது உண்மைதான். ஆனால் பூட்டிய பெட்டியாக வருகிறது. சாவி அந்த ஆப்பிடம் மட்டும் இருக்கும், சந்தா நின்றால் சாவியும் போய்விடும். அதை எடுத்துச் சாதாரண பிளேயரில் போட முடியாது. பூட்டில்லாத கோப்பாக விலைக்கு வாங்கியதோ, நம்மிடமுள்ள சிடியிலிருந்து நாமே எடுத்ததோ, அதுதான் ஓடும். வாங்கும் முன்பே உங்கள் பாட்டுகள் எங்கே இருக்கின்றன என்று யோசியுங்கள். எல்லாமே ஆப்புக்குள் என்றால், அந்த ஆப்பை ஏற்கிற கைக்கடிகாரம் உங்களுக்குப் பொருந்தலாம். இந்தச் சின்னப் பெட்டி பொருந்தாது.

கோப்பு இருக்கிறவர்களுக்கு இரண்டு நடைமுறைச் செய்தி. மலிவான பிளேயர்கள் பல, தமிழில் பெயர் வைத்த பாட்டைக் கட்டம் கட்டமாகக் காட்டும், இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிக் காட்டும். திரையில்லாத பெட்டிகளும் வேறு சில பெட்டிகளும் நாம் நகலெடுத்த வரிசையிலேயே பாடும். ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, முன்னால் 001, 002 என்று எண் போட்டு, அந்த வரிசையிலேயே நகலெடுத்தால் இரண்டு தொல்லையும் தீரும். அப்புறம் மெமரி கார்டு: பெட்டி 32 ஜிபி வரை ஏற்கும் என்றால் 64 ஜிபி கார்டு வாங்காதீர்கள். அவை வேறு கோப்பு முறையில் வருவதால் பழைய பெட்டிக்குப் படிக்கத் தெரியாது. சில நூறு ரூபாய்க்கு 1 டெராபைட் கார்டு என்று யாராவது விற்றால் அது போலி. கணினியில் 1 டெராபைட் என்றே காட்டும், ஆனால் கொஞ்சம் நிறைந்ததும் புதுப் பாட்டு பழைய பாட்டின் மேலேயே எழுதப்பட்டுவிடும்.

இந்தப் பகுதியிலிருந்து கையில் எடுத்துப்போக வேண்டியது: 4 ஜிபி தாராளம், 8 ஜிபி ஏராளம். இடத்தைவிட, பூட்டில்லாத கோப்பு நம்மிடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

பேட்டரி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எம்ஏஎச் என்பது பேட்டரி எவ்வளவு மின்னூட்டம் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண். டேங்கில் எத்தனை லிட்டர் பெட்ரோல் பிடிக்கும் என்பதைப் போல, மைலேஜைச் சொல்லாது. ஒரே எம்ஏஎச் உள்ள இரண்டு பெட்டிகளில் வண்ணத்திரையும் ப்ளூடூத்தும் உள்ளது சீக்கிரம் தீரும். எத்தனை மணி நேரம் என்பதைப் பாருங்கள். அந்த மணிக்கணக்கும் நடுத்தரச் சத்தத்தில், திரை அணைந்த நிலையில் எடுத்ததாக இருக்கும். உங்கள் வேலை நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு எழுதியிருந்தால் சரி. லித்தியம் பேட்டரிக்கு வெயில் ஆகாது. டிராக்டர் சீட்டில், பைக் டேங்கின் மேல் நண்பகலில் வைத்துவிட்டுப் போனால் அதன் ஆயுள் குறையும்.

காது

விலை பேசும்போது கடைசியாகக்கூட யாரும் பேசாத விஷயம் இது. எனக்கு இதுதான் முதல்.

டெசிபெல் என்பது ஒலியின் அளவு. கிலோ, லிட்டர் மாதிரி நேராகக் கூட்டுகிற அளவு அல்ல இது. 3 டெசிபெல் ஏறினால் காதில் விழும் ஒலி ஆற்றல் இரண்டு மடங்காகும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான எல்லை, 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். 83 ஆனால் 20 மணி நேரம். 86-ல் 10, 89-ல் 5, 92-ல் இரண்டரை. கொஞ்சம் திருகியதற்கு இவ்வளவு நேரம் கரைகிறது. உள்காதில் ஒலியை உணரும் மயிரிழை அணுக்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது.

புல் வெட்டும் பிரஷ் கட்டர் ஓட்டுகிறவர் காதில் விழுவது சுலபமாக 90 டெசிபெல்லைத் தாண்டும். பாட்டே இல்லாமல் அந்த வாரத்துக்கான கணக்கு ஒரு காலைப்பொழுதில் தீர்ந்துவிடலாம். அதற்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் மோட்டாரைவிடச் சத்தமாக வைக்க வேண்டியிருக்கும். சித்தப்பா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். "மெஷின் ஓடும்போது பாட்டு வேண்டாம் சித்தப்பா, காதை மூடுற கவசம் போடுங்க" என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை வாங்கிக்கொண்டே போய்க் கொடுத்தேன்.

மற்ற நேரத்துக்கு, பிளேயரின் முழுச் சத்தத்தில் 60 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். கை நீட்டும் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசியது கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம்.

வெளியே இருக்கிறவருக்குக் காதில் விழவேண்டியவை பாட்டைத் தவிர நிறைய உண்டு. பின்னால் வரும் லாரி, மேலே மட்டை முறியும் சத்தம், தேங்காய் போடுகிறவர் "தள்ளிக்கோ" என்று கூப்பிடுவது. காதுத் துளையை அடைக்கும் இயர்போன் இவற்றையெல்லாம் சேர்த்து அடைத்துவிடும். அதனால்தான் எலும்பு வழி இயர்போனைச் சொல்கிறேன். இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு முறுக்கைக் கடித்துப் பாருங்கள், 'நறுக் நறுக்' என்று தலைக்குள்ளேயே கேட்கும். அந்தச் சத்தம் தாடை எலும்பு வழியாக உள்காதுக்குப் போனது. இந்த இயர்போனும் காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்கார்ந்து அதையே செய்கிறது, காதுத் துளை திறந்தே இருக்கும். தபேலாவின் இடது கைக் கனம் கொஞ்சம் குறைந்துதான் கேட்கும், வெளிவேலைக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

காதுக்குள் போகாததால் இது காதைக் கெடுக்காது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. வழிதான் வேறு, போய்ச் சேரும் இடம் அதே உள்காது, அதே மயிரிழை அணுக்கள். டெசிபெல் கணக்கு இதற்கும் உண்டு.

கடையில் நிற்கும்போது

பெட்டியைக் கையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அடுத்த பாட்டு, சத்தம் கூட்ட, நிறுத்த. மூன்றையும் தடவியே கண்டுபிடிக்க முடிகிறதா? ஓடும்போதும் கையில் சேறோடும் இப்படித்தான் தேடப்போகிறீர்கள். பொத்தான் எல்லாம் ஒரே வடிவத்தில் வழுவழுவென்று இருந்தால் வைத்துவிடுங்கள். பொத்தானைப் பூட்டும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் குனிந்து நிமிரும்போதெல்லாம் பாட்டு மாறும். கிளிப்பை இடுப்புத் துணியில் மாட்டி நான்கு முறை குதித்துப் பாருங்கள். கடையில் யாராவது பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

சித்தப்பாவுக்கு நாங்கள் போய் வாங்கிவந்தது 8 ஜிபி, கம்பித் துளையும் எஃப்எம்மும் உள்ளது, தூசிக்கும் தண்ணீருக்கும் எண் போட்டது. பொத்தான்கள் கொஞ்சம் முரட்டுத்தனமானவை, அவர் விரலுக்கு அதுதான் சரி. தோப்பிலிருந்து வந்ததும் கிணற்றடித் தொட்டியில் துண்டின் நுனியை நனைத்துப் பிழிந்து துடைத்து, திண்ணை ஆணியில் கயிற்றோடு தொங்கவிடுகிறார். ராத்திரிச் சாப்பாடு முடிந்து படுக்கப் போகும்போதுதான் சார்ஜில் போடுகிறார்.